விரல் வைத்த உதடு

என் வகுப்புக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்தவளுக்குக் கண் பார்வை கிடையாது. மீஞ்சூரில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குவாள். எழுபதுகளில் அங்கே தொழிற்பேட்டை தலைதூக்கிக்கொண்டிருந்தது; லாரிகள் கண் தெரிந்தவர்களையே உரசிக்கொண்டு போகும். அவளை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவருவது வகுப்பு டீச்சரான என் பொறுப்பு. கரும்பலகையில் எழுதுவது நான், பாடம் நடத்துவது அவள்.

பிள்ளைகளை அவர்கள் உட்காரும் இடத்தையும் குரலையும் வைத்தே அடையாளம் பிடித்துவைத்திருந்தாள். ஜன்னலோரத்துப் பெண் திக்கித் திக்கிப் படிப்பாள், கதவோரத்துப் பையன் படிக்காமலே படித்தேன் என்பான். ஒருவராலும் அவளை ஏமாற்ற முடியவில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

அவள் பாடம் நடத்துவதை அதிகாரி வந்து பார்த்து மதிப்பிடும் தேர்வு நெருங்கியது. குருடிக்கு எதற்கு வாத்தியார் வேலை என்று வரப்போகும் அதிகாரி கேட்டது என் காதுக்கு வந்திருந்தது. அவர் தேறவில்லை என்று எழுதிவிட்டால் அவளுக்கு வேலை கிடையாது. தேர்வின்போது நான் வாய் திறந்தால் தேர்வே செல்லாது என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

தேர்வன்று அதிகாரியோடு அவளை வகுப்புக்குள் அழைத்துப்போனதும் எனக்குப் பகீரென்றது. அதிகாரி வந்தால் எல்லாப் பள்ளியிலும் நடப்பதைத் தலைமையாசிரியர் செய்துவைத்திருந்தார். நன்றாகப் படிப்பவர்களை முன்னே, மற்றவர்களைப் பின்னே என்று இடம் மாற்றி உட்காரவைத்திருந்தார். நல்லது செய்கிற நினைப்பு அவருக்கு. அவளிடம் சொல்ல வழியில்லை, தேர்வு தொடங்கிவிட்டது.

ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிசைக்குப் போயிருந்த அந்தப் பெண்ணிடமிருந்து முனகல் வந்தது. வாசலில் நின்ற தலைமையாசிரியர் விரலை உதட்டில் வைத்து முறைத்தார். முனகலும் நின்றது. குரல் இடம் மாறி வந்ததில் பாடம் நடத்துகிறவளின் முகம் வெளிறியது.

எல்லாரையும் ஒருமுறை குரல் கொடுக்கச் சொன்னாள். அதிகாரி முன்னால் வகுப்பு கப்சிப் என்று இருந்தால்தான் தலைமையாசிரியருக்கு நிம்மதி, விரலை எடுக்கவில்லை. பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பசங்களா, இருக்கீங்களா?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் வாய் திறந்தால் தேர்வு செல்லாது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி எழுந்தார். பிள்ளைகள் எழுந்து ஓடினால்கூட இவளுக்குத் தெரியாது என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, தேறவில்லை என்று எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார்.

அவள் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"ஓடினா சத்தம் கேக்கும் சார். யாரோ அதுங்க வாயைக் கட்டிப்போட்டுக்கினு நிக்கிறாங்க. அது யாருன்னுதான் எனக்குத் தெரியல."

தலைமையாசிரியர் அப்போதுதான் விரலை எடுத்தார்.