பனிக்கடலில் சமைக்கப் போனவர்

நோர்வேக்கும் மேலே, உலகத்தின் உச்சந்தலையில், நடுக்கடலில் நிற்கும் ஓர் இரும்பு மேடையில் என் கணவர் சமையல் உதவியாளராக வேலை செய்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் இப்படியொரு வேலை. இவர் கோப்பை கழுவிய ரெஸ்டோரண்டுக்குச் சாப்பிட வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், எண்ணெய் தோண்டும் மேடைக்குக் கடலைக் கண்டு பயப்படாத ஆள் வேண்டும் என்றாராம். இவர் மன்னார்க்காரர். உடனே கையைத் தூக்கிவிட்டார். மன்னார்க் கடலும் அதுவும் ஒன்றா என்று கேட்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

விடுமுறையில் வந்தால் அந்தக் கதைதான்.

"கடலுக்குக் கீழை காஸ் கிடக்கு. எவ்வளவெண்டு அவங்களுக்கே தெரியாது. ஐரோப்பா முழுக்க அதிலைதான் சமைக்கப் போகுது, பாரும்."

"அதை எப்பிடி இஞ்சை கொண்டு வாறது?"

"அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை," என்று சிரிப்பார். கரை வெகுதூரம். குழாய் போட யாரும் காசு இறைக்கத் தயாரில்லை. ஆனாலும் தோண்டிக்கொண்டே இருந்தார்கள்.

மற்றதெல்லாம் வாய் தவறித்தான் வரும். குளிர்காலத்தில் சூரியனே எழும்பாதாம். அலை தெறித்துக் கம்பிகளில் உறைய, மேடை பாரம் தாங்காமல் போய்விடும் என்று ஆட்கள் சுத்தியலால் பனியை உடைப்பார்களாம். தண்ணீரில் விழுந்தவனுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இல்லையாம். இதைச் சொல்லிவிட்டு இவர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

எங்கள் அறையில் டெலிபோன் இல்லை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணையின் இலக்கத்தைத்தான் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தோம். இவர் வீட்டுக்கு வரவேண்டிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்த அண்ணையும் அவர் மனைவி அக்காவும் கதவைத் தட்டினார்கள். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். சனிக்கிழமை அவர் கடையைச் சாத்தி நான் கண்டதே இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நேரே குசினிக்குள் போனாள். நான் கணவருக்கென்று ஆக்கி வைத்திருந்த சோற்றையும் மீன்குழம்பையும் கோப்பையில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"முதல்ல சாப்பிடு, பிள்ளை."

எங்கள் ஆட்கள் இழவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லமாட்டார்கள். கேட்ட பிறகு எவருக்கும் சோறு இறங்காது என்று, முதலில் நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். தம்பியைப் பறிகொடுத்த ஒருத்திக்கு நானே பக்கத்து நகரான திரான்சிக்குப் போய் அப்படிச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

"எனக்குப் பசிக்கேல்லை, அக்கா."

"ஒரு வாய் எண்டாலும்..."

"வேண்டாமெண்டு சொல்லுறன்!"

கத்திவிட்டேன். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் சோற்றைத் தொடாதவரை அவர்கள் சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்லாதவரை என் மனுசன் உயிரோடிருப்பார். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் அதைவிட்டால் பிடித்துக்கொள்ள எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். அண்ணை டெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கடைக்குத் திரும்பிப் போனார். அக்கா செபமாலையை எடுத்தாள். "அதை உள்ளுக்கு வையுங்கோ," என்றேன். குழம்பில் எண்ணெய் ஆடை படர்ந்தது.

பொழுதுபடும் நேரம் அண்ணை மூச்சு வாங்க ஓடி வந்தார். "லைன்ல நிக்கிறான்! ஓடி வா!"

செருப்பில்லாமல் ஓடினேன். கரகரவென்ற இரைச்சலுக்குள் இவர் குரல் கேட்டது. மேடையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஹெலிகொப்டர் கடலில் விழுந்துவிட்டது. ஒருவரும் தப்பவில்லை. ஏறியவர்களின் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதென்று மத்தியானமே ஒப்பந்தக்காரர் அண்ணைக்குச் சொல்லியிருந்தாராம்.

"நான் ஏறேல்லை. ரொட்டி போடுற போர்த்துக்கல்காரனுக்கு என்ரை இடத்தைக் குடுத்தனான். அவன்ரை மனுசிக்கு இது பெறுமாதம்."

எனக்கு அடக்கமுடியாத சந்தோஷம். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நிலத்தில் இருந்து சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகுதான், எங்கேயோ அந்த வயிற்றுப்பிள்ளைக்காரியின் கதவையும் இந்நேரம் யாரோ தட்டியிருப்பார்கள் என்று உறைத்தது.

அடுத்த கிழமை வந்து சேர்ந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"இனிக் காணும். இஞ்சை கோப்பை கழுவினாலும் எங்களுக்குக் கஞ்சிக்குக் குறைவில்லை," என்றேன்.

"இன்னொரு இடத்திலையும் காஸ் கண்டிட்டாங்கள். வாற குளிருக்கு இன்னும் வடக்கை போகினம்."

"போகட்டும். உங்களுக்கென்ன?"

பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

"ரொட்டி போட ஆளில்லை. என்னைக் கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"அவன்தானே எனக்கு ரொட்டி போடப் பழக்கினவன்," என்றார். "ஓமெண்டு சொல்லிப்போட்டன்."