அந்த வசனத்துக்கு மேலே இருந்த வரிகள்

முதலில் மன்னிக்க வேண்டும். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் நன்றாகப் படித்தவர்கள், ஊழியம் செய்கிறவர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். லாரிகளில் பெயரும் நம்பரும் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்கிற ஆள். ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன், கோடையில் நடந்தது. நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் பெயின்டர். எங்கள் சபையைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் புது வண்டி எடுத்து, பாடி கட்ட அங்கே விட்டிருந்தார். அதற்கு முந்தின வருடம்தான் அவருடைய ஒரே மகன் ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போனபோது விபத்தில் இறந்துபோனான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. பழைய வண்டியைப் பார்க்கவே பிடிக்காமல் விற்றுவிட்டு, பிழைப்புக்காக இதை எடுத்திருந்தார்.

பெயின்ட் வேலை முடிகிற சமயம் அண்ணனும் அவர் மனைவியும் பட்டறைக்கு வந்தார்கள். "ஆர்டிஸ்ட்டு, முன்கண்ணாடிக்கு மேலே அந்த வசனம் வரோணும். வேதத்துல எப்படி இருக்குதோ அப்படியே, அதிகார நம்பரோட எழுதீரு" என்றார். ஆரம்பம் சின்னதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று பொருள் வருமே, அந்த வசனம். எத்தனை கடைகளில், எத்தனை வீட்டுச் சுவர்களில் பார்த்திருப்போம்! புது வருட ஆராதனையில், அந்த வருடத்துக்கான வசனமென்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் அவருக்கு அதுதான் வந்திருந்தது. கூட வந்த அக்காவோ வண்டியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் அந்த வசனத்தைப் பல வண்டிகளில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வேதத்தைத் திறந்து பார்த்துத்தான் எழுதுவேன். ஓர் எழுத்து தவறினால் வண்டி போகிற ஊருக்கெல்லாம் என் தப்பும் போகும். அன்று சாயங்காலம் வீட்டில் டீயைக் குடித்துவிட்டு வசனத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன், அக்கா இரண்டு பேர் முகமும் மனதில் இருந்தது. அதனாலோ என்னவோ, கண் தானாக மூன்று வசனம் மேலே போனது.

உன் பிள்ளைகள் கடவுளுக்கு விரோதமாகப் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான தண்டனைக்கு அவர் அவர்களை விட்டுவிட்டார் என்கிற மாதிரி அங்கே இருந்தது. பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், ஆறுதல் சொல்ல வந்த நண்பன் ஒருவன் சொல்வது அது. அதே மூச்சில்தான் நம்முடைய பிரியமான வசனத்தையும் சொல்கிறான்.

பேனாவைக் கீழே வைத்தேன். மகனை இழந்தவர்களுடைய வண்டியின் நெற்றியில் இதையா எழுதப்போகிறேன்?

நான் வேதம் படிக்காதவன் அல்ல. அட்டவணை வைத்து வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் படித்து டிக் அடிக்கிறவன். யோபுவையும் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன், பைபாஸில் போகிற பஸ்ஸிலிருந்து ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்கிற மாதிரி. அந்த ஊருக்குள் யார் இருக்கிறார்கள், அங்கே யார் அழுகிறார்கள் என்று இறங்கிப் பார்த்ததே இல்லை.

பாஸ்டரிடம் கேட்கக் கூச்சம். கேட்டால் அண்ணன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அதனால் நானே முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். எனக்கு எதையும் கலரில் பிரித்தால்தான் புரியும். மகளின் கலர் பென்சிலை வாங்கி, நண்பர்கள் பேசுவதற்கு ஓரத்தில் சிவப்புக் கோடு, யோபு பேசுவதற்கு நீலம், கடவுள் பேசுவதற்குப் பச்சை என்று போட்டுக்கொண்டே போனேன். வாக்குத்தத்த அட்டைகளில் வருகிற இன்னும் சில வசனங்களும் சிவப்புக் கோட்டுக்குள் விழுந்தன. ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இந்தப் பக்கம் பட்டறையில் கிண்டல். "ஒரு வரி எழுதறதுக்கு இத்தனை நாளா? ஏனுங்க, நீங்களே புதுசா வேதம் எழுதறீங்களா?" என்று தகரம் தட்டுகிற டிங்கர் கேட்டார். வண்டி எடுக்கிற நாள் நெருங்கியது. நான் மற்ற எல்லா இடத்திலும் எழுதி முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே மட்டும் வெறும் மஞ்சளாக விட்டிருந்தேன்.

அண்ணனும் அக்காவும் மறுபடி வந்தார்கள். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்கண்ணா... அந்த எடத்துல வேற வசனம் எழுதலாமுங்களா?"

"ஏனப்பா, எடம் பத்தலையா? எழுத்தைச் சின்னதாப் போடு. இல்லீன்னா வண்டியைப் பெருசாக் கட்டச் சொல்லட்டுமா?" என்று சிரித்தார்.

நான் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அக்காதான் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு மேலே எழுதியிருக்கறதைப் பாத்துட்டீங்களா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. புது வருடத்தன்று அட்டை வந்ததும், ஆசையாக அந்த அதிகாரத்தை எடுத்துப் படித்திருக்கிறார். அந்த வரியோடு வேதத்தை மூடியவர், அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. கணவர் அந்த அட்டையைத்தான் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடுகிறார் என்று அவரிடமும் சொல்லவில்லை.

"எம்பையன் பாவம் பண்ணித்தான் போனானுங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன சொல்றே சாமி நீ?" என்று மனைவியையே பார்த்தார்.

என் பையில் வேதம் இருந்தது. பட்டறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்று பேரும் வண்டிக்குப் பின்பக்கம் போய் நிழலில் பலகை மேல் உட்கார்ந்தோம். கோடு போட்ட பக்கங்களைக் காட்டினேன். "சிவப்பு எல்லாம் மனுசன் சொன்னதுங்க்கா. கடைசியில கடவுள் பேசறாருங்க, பச்சையில பாருங்க" என்று கடைசி அதிகாரத்தைத் திறந்து கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். அந்த நண்பர்கள்மேல் கடவுள் கோபப்படுகிறார். என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். அக்கா அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தார்.

பிறகு அக்கா, "அவருக்கு மறுபடியும் பிள்ளைக பொறந்துச்சுன்னு போட்டிருக்குது. செத்துப்போன பிள்ளைக வரலீங்களே" என்றார்.

"வரலீங்க்கா" என்றேன். அத்தனை வருடம் படித்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்கா அழுதார். அண்ணன் வேதத்தை மூடாமல் மடியிலேயே வைத்திருந்தார். கிளம்பும்போது அக்கா, "இந்தக் கோடு போட்டதை ஊட்டுக்குக் கொண்டுபோய்ட்டு ஞாயித்துக்கிழமை தரட்டுங்களா?" என்று கேட்டார். கொடுத்தேன்.

அந்த வசனத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. யோபுவின் முடிவு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல வார்த்தையைக்கூட அழுகிறவன்மேல் கல்லாக எறிய முடியும் என்று அந்தப் புத்தகமே காட்டியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம்கூட முடிவதில்லை, அட்டவணையில் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. ஆனால் பேசுகிறவர் யார், எதிரில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போக இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை.

அவர்கள் வந்துபோன மறுநாள் காலை அண்ணன் ஃபோன் செய்து, கண்ணாடிக்கு மேலே பையன் பெயரை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். மத்தியானம் காய்ந்ததும் வண்டியை எடுத்துப் போனார்கள்.