முனியப்பனுக்கு விட்ட சேவல்

மலையடிவாரத்தில், காட்டுக்குள் போகும் கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நேற்று பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து திரும்பும்போது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு சேவல். கீழே ‘நம் காட்டின் பெருமை, காட்டுச்சேவல்’ என்று எழுதியிருந்தது. காட்டுச்சேவலாம்! அதன் காலில் மஞ்சள் துணி கட்டியிருப்பதுகூடப் படத்தில் தெரிகிறது. அந்தச் சேவலை எனக்கு நன்றாகத் தெரியும். மலை ஏறும்வரை என் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்த சேவல் அது.

அப்போது நான் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ‘மலைக்காட்டில் ஒருநாள், கைடு உண்டு’ என்று ஜீப் விட ஆரம்பித்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கான ஏற்பாடு. பிறந்ததிலிருந்து வாசலில் நின்று பார்த்த மலையைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகும் உள்ளூர் மடையன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கென்று ஒரு தொப்பி வேறு. அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது, நீங்கள் கேட்டாலும் காட்டமாட்டேன். ஜீப்பில் ஏறினால், எங்கள் தெரு மாதம்மா அக்கா மடியில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரரைக் கடலைக்காட்டில் பாம்பு கடித்திருந்தது. ஆள் பிழைத்தால் மலைமேல் இருக்கும் முனியப்பனுக்குச் சேவல் விடுகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டார். ஆள் பிழைத்துவிட்டார், கால் வீக்கம் மட்டும் வடியவில்லை. கடன் பாக்கி நிற்பதால்தான் முனியப்பன் வீக்கத்தை வடியவிடாமல் வைத்திருக்கிறார் என்பது அக்காவின் தீர்மானம். போகலாமென்றால், காலங்காலமாக நடந்துபோன பாதைக்குக் கேட் போட்டாயிற்று. ஜீப்பில் வருகிறவர்களுக்கு மட்டும் திறப்பார்கள். குலசாமியைக் கும்பிட அக்கா டூரிஸ்ட் ஆகவேண்டியிருந்தது.

“தம்பி, இத ஒங்க காலுக்குள்ள வெச்சுக்குங்க. அசையாம இருந்தா கத்தாது.”

பை கதகதப்பாக இருந்தது. கோழிக்கூண்டு வாடை லேசாக வந்தது.

கைடைப் பற்றிச் சொல்லவேண்டும். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த காக்கிச் சட்டை, கழுத்தில் பைனாகுலர். எந்த ஊர்க்காரனோ, வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. எங்கள் ஊர் ஆடுகூட மூக்கைத் திருப்பிக்கொண்டு போகும் ஆவாரஞ்செடியை அபூர்வ மூலிகை என்றான். மலைக்காரர்கள் பாடுபட்டு விதைத்த சாமைக் கொல்லையைக் காட்டி இயற்கைப் புல்வெளி என்றான். பெங்களூர்க்காரர்கள் அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களே, அதுதான்.

கேட்டில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தான். தின்பண்டம், பிளாஸ்டிக், வளர்ப்புப் பிராணி எதுவும் உள்ளே போகக்கூடாதாம். என் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டைப்பைக்குக் குனிந்தான். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

“அக்காவுக்கு ஜீப்புல ஏறுனாலே வாந்திங்க. வர்ற வழியிலயே எடுத்துட்டாங்க. அந்தத் துணிதாங்க உள்ள இருக்குது” என்றேன்.

கைடு மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

வியூ பாயிண்டில் எல்லோரும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் பையோடு சரிவில் இறங்கினார். முனியப்பனின் புளியமரம் சற்றுக் கீழேதான். திரும்பி வந்தபோது பை மடிந்து கக்கத்தில் இருந்தது. நெற்றியில் புது விபூதி. சேவலை உயிரோடு சாமிமுன் விட்டுவிட்டாராம். அதை நரி தின்றாலும் முனியப்பன் தின்றதாகத்தான் கணக்கு.

ஜீப் இறங்கும்போது முதல் வளைவிலேயே சேவல் வந்து நடுரோட்டில் நின்றது. கைடு பிரேக் போடச் சொன்னான். உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினான்.

“காட்டுச்சேவல். ரொம்ப ரேர். கால்ல பாருங்க, ஆராய்ச்சிக்காக டேக் கட்டியிருக்காங்க.”

அது அக்கா மஞ்சளில் நனைத்துக் கட்டிய வேட்டிக் கிழிசல். கேமராக்கள் கிளிக் கிளிக்கென்றன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பென்று நினைத்தேன். பார்த்தால் கண்ணில் நீர்.

வீக்கம் அடுத்த மாதமே வடிந்தது. ஊசியாலா முனியப்பனாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் அக்கா வருஷம் தவறாமல் டூரிஸ்டாகப் போய்வந்தார். இப்போது ஜீப்பும் இல்லை. வேலி இன்னும் கீழே இறங்கி வந்துவிட்டது. உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ, யாருக்கும் உள்ளே வழி கிடையாது. மிச்சம் இருப்பது இந்த பிளக்ஸ்தான். இத்தனை பெரிய காட்டில் பெருமைக்குக் காட்ட எங்கள் தெருவில் குப்பை கிளறிய சேவல்தான் கிடைத்தது இந்த மேதாவிகளுக்கு.

கிளம்பப் போனவன் அப்போதுதான் கவனித்தேன். பிளக்ஸ் கட்டிய கம்பத்தின் அடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு, பக்கத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். வழியில் மாதம்மா அக்கா வீட்டில் வண்டியை நிறுத்தி, போயும் போயும் ஒரு பிளக்ஸுக்கா சூடம் காட்டுவது என்று கேட்டேன்.

“வேற என்ன பண்றதுங்க தம்பி? நம்மள உள்ள வுட மாட்டேங்கறாங்க. அது சாமிகிட்ட போன சேவலு. நம்ம சொன்னா போயிச் சொல்லும்” என்றார்.