குயில் தேனீக்குப் போட்ட தகடு

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் பூபாலனுக்கு அளவு பார்க்கிற வேலை. எந்த உதிரிபாகம் வந்தாலும் கேஜ் என்கிற அளவுத் துளையில் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் பாஸ், முரண்டு பிடித்தால் ரிஜெக்ட். வீட்டிலும் அதே புத்திதான். மனைவி மைதிலி அவிக்கும் இட்லியைக்கூட ஒற்றைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அவளும் அவரை அளந்து வைத்திருந்ததால் குடித்தனம் ஓடியது.

குவார்ட்டர்ஸின் பின்சுவரில் சிமெண்ட் உதிர்ந்து செம்மண் தெரிந்த இடத்தில், வயிற்றில் நீல வரி போட்ட தேனீக்கள் துளையிட்டிருந்தன. கூட்டமாக அடை கட்டுகிற ஜாதி இல்லை. ஒவ்வொருத்தியும் தனிக்குடித்தனம். மகரந்தத்தைச் சுமந்துவந்து துளைக்குள் சேர்த்து, முட்டையிட்டு, மண்ணால் வாயை அடைத்துவிட்டுப் போவாள். மைதிலியின் கத்தரிச்செடி காய்ப்பதே இவர்களால்தான் என்று பூபாலன் அந்தச் சுவரைப் பூசவே விடவில்லை.

ஒருநாள் உடம்பெல்லாம் நீலப்புள்ளி மினுங்க வேறொருத்தி வந்தாள். காலில் மகரந்தம் இல்லை. வீட்டுக்காரி பூவுக்குப் போகும்வரை காத்திருந்து, நைசாக உள்ளே புகுந்து, வெளியே வந்து பறந்துவிட்டாள்.

"இது குயில் தேனீ மாமா," என்று ரோஷினி போனில் பார்த்துச் சொன்னாள். "இதுக்குக் கூடு கட்டத் தெரியாது. இதுங்க கூட்டுல முட்டைய வுட்டுட்டுப் பூடும். அந்தக் குஞ்சு, இவ புள்ளைக்கு வச்சதத் துன்னு வளரும்."

ரோஷினி பூபாலனின் தங்கை மகள். தங்கை பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தாள். குழந்தையின் தகப்பன் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு போனான். கைக்குழந்தையாகத் தூக்கிவந்த பிள்ளை இப்போது அம்பத்தூரில் ஐடி வேலைக்குப் போகிறது. பூபாலனுக்கும் மைதிலிக்கும் வேறு பிள்ளை கிடையாது.

பூபாலனுக்குப் பொறுக்கவில்லை. வரித்தேனீ மட்டும் நுழைகிற அளவில் ஒரு தகட்டில் துளைகள் போட்டுச் சுவரில் அடித்தார். மினுக்குகிறவள்தான் பெரியவள் என்று கண் சொன்னதை நம்பிவிட்டார். வாழ்நாளில் அளந்து பார்க்காமல் அவர் செய்த ஒரே வேலை அதுதான். உண்மையில் அவள்தான் சின்னவள். வீட்டுக்காரி துளையில் திணறி நுழைய, திருடி வழுக்கிக்கொண்டு போனாள்.

"அடுத்தவன் ஊட்ல துன்னு வளர்றதுக்குன்னே பொறக்குதுங்க," என்று எரிச்சலில் கத்திவிட்டுத் திரும்பினால், டீ டம்ளரோடு ரோஷினி நிற்கிறாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்: "ஆபீஸ சிறுசேரிக்கு மாத்திட்டாங்க மாமா. அங்கியே ஹாஸ்டல் பாத்துகினு கீறேன்."

பூபாலன் நம்பவில்லை. ஆபீஸ் மாறியதெல்லாம் சாக்கு, பிள்ளையைத் தன் வாயே வீட்டைவிட்டுத் துரத்துகிறது என்று முடிவு கட்டிவிட்டார். மைதிலியிடம் சொல்லவும் பயம். தகட்டைப் பிடுங்கி எறிந்தார். வஞ்சிர மீன் வாங்கிவந்து நடுத்துண்டை ரோஷினி தட்டில் வைத்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்குக்கூடத் திட்டவில்லை.

"மாமாவுக்கு ஒடம்பு சரியில்லியா அத்தே?" என்று ரோஷினி மைதிலியைக் கேட்டாள்.

ரோஷினி பெட்டி அடுக்குகிற அன்று, அறை வாசலில் வந்து நின்றார். வேட்டி முனையைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"நா அன்னிக்கி வாய் தவறிச் சொல்ட்டேன்மா. அத மன்சுல வச்சிகினு போவாத."

"இன்னா சொன்ன?"

"அதான், செவுத்தாண்ட. அடுத்தவன் ஊட்ல துன்னு வளர்றதுன்னு."

"தேனீயத்தான சொன்ன?"

"தேனீயத்தான். ஆனா நீ கேட்டுகினு நின்ன. உனுக்கு வலிச்சிருக்கும்."

மடித்த சுடிதாரைக் கையில் வைத்துக்கொண்டே அவள் யோசித்தாள். நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எனுக்கு ஏன் மாமா வலிக்கணும்? நா எப்ப அடுத்தவன் ஊட்ல துன்னேன்?"