இன்னும் மேல தூக்கும்மா

கையால் எழுதிய கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அன்று வந்த ஒன்றை நான் இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்து என் மனைவிக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை.

"இந்தக் காலத்துல யாருங்க லெட்டரு போடறாங்க?"

"பழைய கஸ்டமர். ஏதோ போட்டோ வேணுமாம்."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தது.

எழுதியவர் ஒரு நடிகை. யாரென்று இப்போதும் சொல்ல மாட்டேன். நெய்வேலி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நகைக்கடை விளம்பரத்தில் இரண்டு மாடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்பவர். அந்தச் சிரிப்பின் அடியில்தான் நான் தினமும் டீ குடிக்கிறேன். அவர் இந்தப் பக்கத்துப் பெண் என்பதே எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். அவருடைய அம்மா எங்கள் ஊர் ஆபீசர்ஸ் கிளப்பில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர். கூட்டுவது, துடைப்பது, கூட்டம் நடந்தால் டீ கொடுப்பது. மகள் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படம் வெள்ளத்தில் ஊறிப் போயிற்று. வாக்காளர் அட்டையில் இருப்பது வெறும் கறுப்பு மை. "அம்மா முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது சார்" என்று எழுதியிருந்தார். "அழுகிற காட்சி வந்தால் டைரக்டர் அம்மாவை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். நினைத்தால் புடவைதான் வருகிறது. கிளப்பில் எல்லா விசேஷத்துக்கும் நீங்கள்தான் படம் எடுப்பீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஏதாவது ஒரு மூலையில் அவர் நின்றிருப்பார். தேடிப் பாருங்கள்."

போனில் பேச வேண்டாம், தன்னைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள் இருக்கிறார்கள், மேக்கப் போடும் அக்காவின் முகவரிக்கு எழுதுங்கள் என்றும் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் தேடியிருக்க வேண்டும். நான் அன்று மாலையே பதில் எழுதினேன். என்னிடம் ஒரு நெகடிவ் கூட வீணாகவில்லை, கட்டாயம் கிடைக்கும், கவலை வேண்டாம் என்று அளந்துவிட்டேன். போதாததற்கு, கையெழுத்துப் போட்ட உங்கள் படம் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டேன். அம்மாவின் படத்தைக் கேட்ட பெண்ணிடம் அவள் படத்தைக் கேட்ட மனிதன் நான்தான்.

படம் வந்தது. கூடவே இரண்டு வரி. "தினமும் தபாலை எதிர்பார்க்கிறேன். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை."

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெயின் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெயர்தான் ஸ்டுடியோ, பிழைப்பெல்லாம் கிளப்பில். லேடீஸ் கிளப் கொலு, பெரிய அதிகாரிகளின் ரிட்டயர்மென்ட் விழா, அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தம் எல்லாம் நான்தான். என் படத்தில் யாரும் கறுப்பாக இருக்க மாட்டார்கள் என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரு தெர்மாகோல் பலகை. நாலு மணி வெயிலில் புல்தரையில் உட்காரவைத்து, என் பக்கத்தில் ஒருவர் நின்று அந்த வெள்ளைப் பலகையைப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலெல்லாம் போய்விடும். முகம் பத்து வயது குறையும்.

பலகையைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. கிளப்பில் டீ கொடுக்கும் அம்மாவைக் கூப்பிடுவேன். "ஏம்மா, இங்க வா, இதப் புடி." வருவார். "இன்னும் மேல தூக்கும்மா." தூக்குவார். கைவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெயர் கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அந்த அம்மாதான் இந்த அம்மா.

நெகடிவ்களை பிஸ்கட் டப்பாக்களில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். இறக்கினேன். பாதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, கால்வாசி பூஞ்சை. மீதியை ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மழைக்காலம் முழுக்க இதே வேலை. எல்லா அதிகாரிகளும் இருந்தார்கள். எல்லார் மனைவிமார்களும் இருந்தார்கள். பொமரேனியன் நாய்கள் கூட இருந்தன. அந்த அம்மா எதிலும் இல்லை. எப்படி இருப்பார்? நான் படம் எடுத்த நேரமெல்லாம் அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு சம்பவம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். ஏதோ ஒரு விழா முடிந்து கேமராவை உறையில் வைக்கப் போனேன். அந்த அம்மா பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சார், ஒருவாட்டி என்னியும் எடுங்க. எம்பொண்ணு கேட்டுக்கினே இருக்குது" என்றார்.

"ரோல் முடிஞ்சிபோச்சும்மா. அடுத்த வாட்டி."

ரோலில் இன்னும் மூன்று படத்துக்கு ஃபிலிம் பாக்கி இருந்தது. மறுநாள் அந்த மூன்றையும் என் புது மொபெட்டுக்குச் செலவழித்தேன். மொபெட் நெகடிவ் பத்திரமாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை.

அவருடைய ஊரில் யாரிடமாவது படம் இருக்குமா என்று விசாரித்தேன். ஊரே இப்போது இல்லை, சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் போய்விட்டது. குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம். குறிஞ்சிப்பாடியில் இருந்த ஒரு தூரத்து உறவுக்காரரைப் பிடித்தேன். அவர் கையை விரித்தார். "எங்க வூட்டு ஆளுங்க போட்டோவே கெடையாதுங்க. அவங்களுக்கு எங்க போறது?"

தை பிறந்த பிறகு ஒரு நெகடிவ் அகப்பட்டது. ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, பெரிய மூக்குக்கண்ணாடி போட்டவர். அந்தக் கண்ணாடியில் ஒரு சதுரம் தெரிந்தது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். அந்தச் சதுரம் என் தெர்மாகோல் பலகை. அதன் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல்கள். கீழே புடவைக் கரை, செருப்பில்லாத பாதம். நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பலகை. ஒரு சாண் கீழே பிடித்திருந்தால் முகம் வந்திருக்கும். மேலே தூக்கச் சொன்னது நான்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அந்த அம்மாவுக்காக அழுதேனா, மாட்டிக்கொண்டேனே என்று அழுதேனா, இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

என் ஸ்டுடியோவை வாங்கி நடத்துகிறவர் வழி சொன்னார். எதற்கென்று நான் சொல்லவில்லை, மகள் இன்னார் என்றும் சொல்லவில்லை. நடிகையின் படத்திலிருந்து கண்ணையும் தாடையையும் மட்டும் வெட்டிக் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டரில் வயதைக் கூட்டி, நிறத்தைக் குறைத்து, மூக்குத்தி வைத்து ஒரு அம்மாவைச் செய்துவிட்டார். உயிருள்ள முகம். "சரியா வந்திருக்கா சார்? இப்பிடித்தான் இருப்பாங்களா?" என்றார். தலையை ஆட்டி வைத்தேன்.

அதை உறைக்குள் போட்டு, ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டிவரை போனேன். அந்தப் பெண் நம்பியிருப்பார். அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வந்து கிழித்துப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியில் தெரிந்த அந்தத் துண்டைப் பிரிண்ட் போட்டேன். ரோல் விஷயம் உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். திட்டி எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

திட்டவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த கடிதம் சிறியது.

"விரல் அம்மாவுடையதுதான். வலது சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்திருக்கும். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீங்கள் ரோல் முடிந்துவிட்டது என்று சொன்னதை அம்மா அன்றே வந்து சொன்னார், அடுத்த தடவை எடுப்பார் என்று சொன்னார். அது போகட்டும் சார். இனிமேல் படம் தேட வேண்டாம். அத்தனை வருடம் அவர் உங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறார். உங்களுக்கு முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தொழில். அம்மா எப்படி இருப்பார் என்று எழுதி அனுப்புங்கள். நெற்றி, மூக்கு, சிரித்தால் எப்படி, எல்லாம். எனக்கு அது போதும்."

கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. ஒவ்வொரு நாளும் மதியம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். என் மனைவி இப்போது எதுவும் கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட அந்த அதிகாரியின் மனைவிக்கு இடது கன்னத்தில் மச்சம், எந்தப் பக்கம் திரும்பினால் அது மறையும் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உங்கள் அம்மா" என்று எழுதுகிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை.