அப்பா பெயரில் ஒரு கேட் பாஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு சர்ச்சில் பூசை, மற்ற நாள் ஆபீஸ், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். ஓசூரில் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வெளிநாட்டுப் பயண ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. விசா, டிக்கெட், ஹோட்டல், அங்கே ஃபேக்டரி கேட்டில் காட்டுகிற பாஸ் வரைக்கும் நான்தான். அப்படிப்பட்ட என்னிடமே இது நடந்தது, நம்பினால் நம்புங்கள்.

நம் ஆட்களுக்கு இனிஷியல்தானே உண்டு, குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரை விரித்து எழுதிவிடுவார்கள். அங்கே போய் இறங்கினால் அப்பா பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நிற்பான். கிருஷ்ணகிரியைத் தாண்டாத அப்பாக்களை எல்லாம் வியட்நாமில் 'மிஸ்டர்' போட்டு வரவேற்றிருக்கிறார்கள், நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நாகராஜ் பாகலூர்க்காரர், ஆறு வருடமாக கான்ட்ராக்டில் இருந்தார். வியட்நாமில் எங்களுக்காகச் செய்த புது மோல்டை, அதாவது பாகம் வார்க்கிற அச்சை, மெஷினில் ஏற்றி ஓட்டிப் பார்க்க அவரை அனுப்பினோம். எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் ஓட்டுவார்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்லபடியாக முடித்து வந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்வேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே ப்ளைட். அந்த அவசரத்தில் பாஸ் படிவத்தில் 'முனியப்பா' என்று அப்பா பெயரை மட்டும் அடித்து அனுப்பிவிட்டேன், நாகராஜ் என்ற பெயரே அதில் இல்லை. என் தப்புதான், மறைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஃபேக்டரியில் எங்கள் வேலையைக் கவனிக்கிற லின் என்ற பெண் செய்தி அனுப்பினாள், முனியப்பா வந்துவிட்டார், மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று. அப்பாடா என்று டீயை எடுத்து வாயில் வைக்கிறேன், நாகராஜ் போன்.

"ஸ்டெல்லா மேடம், கோலாலம்பூர்லயே நிக்கறேங்க. பெங்களூர்லயே லேட்டா எடுத்தான், அடுத்த ப்ளைட்டு போயிருச்சு. எல்லாம் போச்சுங்க மேடம்."

அழுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லின்னைக் கூப்பிட்டு யார் வந்தது என்று கேட்டால், "உங்கள் ஆள்தான், வயதானவர், தோளில் துண்டு, இங்கிலீஷ் தெரியவில்லை, மெஷினை விட்டு நகரவே இல்லை" என்கிறாள். கையெழுத்துப் போடச் சொன்னதற்கு மை கேட்டுக் கைநாட்டு வைத்தாராம், பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். இப்போதுதான் நின்றிருந்தார், காணோம் என்றாள். கேமராவைப் பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தாளாம். காவலாளி மை டப்பாவை நகர்த்துவது தெரிகிறதாம், எதிரே நிற்பவரைக் கம்பம் மறைக்கிறதாம்.

நாகராஜ் அடுத்த நாள் போய்ச் சேர்ந்தார். முனியப்பா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று கேட்டில் விடவில்லை, லின் வந்து வேறு பாஸ் போட்டு அழைத்துப் போனாள். முதல் நாள் ஓட்டிய பாகங்களை அளந்து பார்த்தார், ஒன்றில் கூடக் குறை இல்லை. வேலை நிரந்தரமானது.

திரும்பி வந்த பிறகு அந்தக் கைநாட்டுப் படத்தை அவரிடம் காட்டினேன். ரேகைக்கு நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"பீன்ஸ் தோட்டத்துல அருவா பட்டதுங்க. எங்கப்பா செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க மேடம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் லைனுக்குப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ குழப்பம் என்று விட்டிருப்பேன். அந்த பாஸ் அட்டை இன்றுவரை திரும்பவில்லை. மாதம் ஒருமுறை அங்கிருந்து தானாக மெயில் வருகிறது: விருந்தினர் முனியப்பா இன்னும் வெளியேறவில்லை, போய்விட்டார் என்றால் இந்தப் பட்டனை அழுத்தவும். கீழே அட்டை கடைசியாகப் பதிவான இடமும் நேரமும். ஒவ்வொரு முறையும் முந்தின நாள் மதியம், கேன்டீன். ஒருநாள் லின் கேன்டீனிலேயே காத்திருந்து பார்த்தாள், யாரும் வரவில்லையாம், ஆனால் அட்டை பதிவாகியிருந்ததாம். மவுஸைப் பட்டன் வரை கொண்டுபோவேன், அழுத்த மனசு வராது. அந்த மனுஷனை வெளியே அனுப்ப நான் யார்?

போன வாரம் மெயில் வந்த அன்று நாகராஜ் என் மேஜை அருகே வந்து நின்றார். மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பா சாப்ட்டாருங்களா மேடம்?" என்றார்.

திரையைப் பார்த்தேன்.

"சாப்ட்டாருங்க" என்றேன்.