உப்புச் சாக்கு

நறுக்கிய மக்காச்சோளத் தட்டையோடு வெல்லமும் உப்பும் சேர்த்து, காற்றுப் புகாமல் குழியில் மூடி, மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் போட்டுத் தர கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், முழங்கைவரை வெல்லப்பிசுக்கு. எதைச் சேர்த்தாலும் முதலில் ஒரு சிட்டிகையைத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

அன்று நான் நீட்டிய உப்பை நாக்கில் வைத்த பிறகுதான் சாக்கில் அச்சடித்திருந்ததைக் கவனித்தார். நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில், பாத்திரங்களுக்குப் பளபளப்பேற்றப் பூசும் கிளேஸ் பவுடர் வந்த சாக்கு அது. உதறிவிட்டு உப்பைக் கொட்டி வைத்திருந்தேன்.

"இந்தப் பவுடர்ல ஈயம் இருக்குமாங்க?"

"தெரியலீங்க."

"இந்த உப்ப மாடு தின்னுச்சா?"

"இல்லீங்க, இப்பத்தான் பிரிச்சேன்."

"அப்பாடா" என்று உட்கார்ந்துவிட்டார். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி நான் கத்திய பிறகுதான் சொம்பை வாங்கினார். அந்த உப்பைக் கொட்டிவிட்டு, மீதி வேலைக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் அவருடைய மொபெட் சத்தம் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் வாங்கிய புது உப்புப் பாக்கெட்டைப் பிரித்தேன். அவர் வழக்கம்போல் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. முதல் சிட்டிகையை என் நாக்கில் வைத்துக்கொண்டேன்.